கடைசி வாங்கின் சத்தம்

ஜூன் 3, செவ்வாய்
தரம் எட்டுக்குக் கணிதம் எடுக்கவே பயமாயிருக்கிறது. கரும்பலகையில் கணக்கு எழுதத் திரும்பினால் போதும், பின்னால் மீன் சந்தைதான். அதிலும் பின்சுவரோரம் கடைசி வாங்கில் உட்கார்ந்திருக்கும் கிருஷிகா. வாய் ஓயாது.

ஜூன் 5, வியாழன்
பாடசாலை அதிபர் அமிர்தநாயகம் சேர் தன் கந்தோர் அறைக்குக் கூப்பிட்டார். "சத்தம் என்ர அறை வரைக்கும் கேக்குது. இப்பிடியே போனா வகுப்பை வேற ஆளிட்டக் குடுக்க வேண்டி வரும், ரீச்சர்."
பதினொரு வருடம் படிப்பித்தவளுக்கு இது தேவையா?

ஜூன் 8, ஞாயிறு
பூசை முடிந்து மாதா கோயில் வளவில் கிருஷிகாவின் தாய் பெற்றிசியாவைக் கண்டேன். அதிபரில் இருந்த கோபத்தை அங்கேயே கொட்டிவிட்டேன். "உங்கட மகளால என்ர வகுப்பே குழம்புது." பாட்டுக்குழுப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். கிருஷிகாவும்தான், பாட்டுப் புத்தகத்தோடு.
"நான் பாத்துக்கொள்ளுறன் ரீச்சர்" என்றார், நிலத்தைப் பார்த்தபடி.
எங்கள் பேசாலையில் கோயில் வளவில் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. எனக்குத் தெரியாததா?

ஜூன் 9, திங்கள்
கிருஷிகா வாய் திறக்கவில்லை. மற்றவர்கள் அதே சத்தம்.

ஜூன் 11, புதன்
கொப்பி திருத்தினேன். கடைசி வாங்கு நிறஞ்சலாவின் கொப்பி ஓரமெல்லாம் கிருஷிகாவின் எழுத்து. படிப்படியாக விளக்கம். நிறஞ்சலாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.
"நீங்கள் பலகையில எழுதி முடிக்க முதல் அவ செய்துபோடுவா, ரீச்சர். பிறகு எங்களுக்குச் சொல்லித் தருவா."
கடவுளே. எட்டுக் கணக்கு எழுத எனக்குப் பன்னிரண்டு நிமிடம். அவ்வளவு நேரமும் முப்பத்திநாலு பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுத்தேன்? என் முதுகைப் பார்ப்பதா? வேலை இருந்தவள் அவள் ஒருத்திதான். அவளில்தான் பிழை பிடித்தேன்.

ஜூன் 12, வியாழன்
கணக்குகளை வீட்டிலேயே பெரிய தாளில் எழுதிக்கொண்டு போனேன். நுழைந்ததும் தொங்கவிட்டேன். முதலில் எல்லாருக்கும் இலேசானது. முடித்தவர்களுக்குக் கடினமான ஒன்று. நான் வாங்குகளுக்கிடையில் நடந்தேன். சத்தம் பாதிக்குமேல் குறைந்தது. அதிபர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிருஷிகா எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

ஜூன் 15, ஞாயிறு
பாட்டுக்குழுவிலும் அவள் இல்லை. அதே வளவில், எல்லாரும் கேட்க, பெற்றிசியாவிடம் சொன்னேன்: "பிழை என்னில. உங்கட மகள் கதைச்சது முழுக்கக் கணக்கு."
"பரவாயில்லை ரீச்சர்" என்றார். பிறகு மெல்ல, "வீட்டிலயும் கதைக்கிறா இல்லை."
வெட்கமாயிருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்
"முடிச்ச ஆக்கள் பக்கத்தில இருக்கிறவைக்குச் சொல்லிக் குடுங்கோ" என்றேன். பலர் தொடங்கினார்கள். அவள் இல்லை.

ஜூன் 19
இன்றும் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்
கரும்பலகையில் ஒரு வரி எழுதத் திரும்பினேன். பின்னால், கடைசி வாங்கில்: "அப்பிடியில்லை நிறஞ்சலா. முதல்ல அடைப்புக்குறியை எடு."
ஒரு வரிதான். எழுதி முடித்தும் கொஞ்ச நேரம் திரும்பாமல் நின்றேன்.