மணி ஒலிக்காத கோடுகள்

மார்ச்சு 3, திங்கள்

அவையோரே! இவ்வறையில் வீற்றிருக்கும் மூன்று நாற்காலிகளே, தையல் எந்திரமே, வெட்டி அடுக்கிய துணிக் குவியலே! உங்கள் திருமுன் ஒரு முறையீட்டை வைக்கிறேன். முப்பது ஆண்டுகளாகக் கடைசி வரிசை வரைக்கும் கணீரென்று கேட்ட ஒரு குரல் இன்று காலை முடக்கப்பட்டது. முடக்கியவர் தொண்டை மருத்துவர். நான் இழைத்த குற்றம் யாது? சென்ற வாரம் பேருந்துப் பணிமனை வாயிலில் நடந்த எங்கள் தொழிற்சங்கக் கூட்டத்தில் ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது. நான் பழுதாகவில்லை என்று காட்டப் போனேன். அவ்வளவுதான்.

குரல்நாணில் குருதி கசிந்திருக்கிறதாம். விளக்குப் பொருத்திய மெல்லிய குழாயை உள்ளே செலுத்தித் திரையில் காட்டினார். இரண்டு நாண்களும் வெண்மையாக இருக்க வேண்டுமாம். ஒன்று செக்கச் சிவந்து கிடந்தது.

“ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது. இப்ப பேசினீங்கன்னா அங்க தழும்பு விழுந்துரும். அப்புறம் பழைய குரல் வரவே வராது. சமாளிப்பீங்களா?” என்று கேட்டார் மருத்துவ அம்மையார்.

“என்னால சமாளிச்சுக்க முடியும் டாக்டர்” என்றாள் என் துணைவி. கேட்டது என்னவோ என்னைத்தான்.

மார்ச்சு 5

பேசுவதற்குப் பதிலாக ஒரு சிலேட்டு. இன்று அதில், ‘வேட்கை தணிக்க ஒரு குவளை நீர் அருள்க’ என்று எழுதிக் காட்டினேன். துணைவி பல்லிடுக்கில் குண்டூசிகளைக் கடித்தபடி ஒரு சட்டைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். ஊசிகளை எடுக்காமலே சொன்னாள்: “சிலேட்டுலயும் மேடைப் பேச்சா? தண்ணின்னு எழுதினா நான் தர மாட்டேனா?”

மார்ச்சு 9, ஞாயிறு

மைத்துனர் வந்தார். என் துணைவியின் தம்பி. நான்கு தெரு தள்ளிப் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறார். படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே வைக்கும் தடித்த அட்டையில் வெட்டி எஞ்சிய துண்டுகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார்.

“மாமா, சும்மா உக்காந்திருந்தா நீங்க வெடிச்சிருவீங்க. இதுல கட்டம் போடுங்க. கட்டத்துக்குள்ள ஒரே மாதிரி கோடு போட்டுக்கிட்டே இருங்க. கடைக்கு வர்ற ஒரு டீச்சரம்மா இப்படித்தான் வரையறாங்க. சட்டம் போட்டு மாட்டினா அவ்வளவு அழகு.”

குழந்தை விளையாட்டு என்று ஒதுக்கி வைத்தேன். மாலையில் கை ஊறியது. ஒரு சதுரத்தை நான்காகப் பகுத்தேன். ஒரு மூலையில் வளைகோடு, அதன் தோள்மேல் இன்னொரு வளைகோடு, அதன்மேல் இன்னொன்று. அடுத்த மூலையில் அதையே திருப்பிப் போட்டேன்.

அடடா, எனக்குத் தெரிந்த கலையல்லவா இது! ஒன்றைச் சொல், மீண்டும் சொல், மூன்றாம் முறை சற்றே திருப்பிச் சொல். அவையோர் எழுந்து நிற்பர். கோட்டுக்கும் அதே விதி. வளைகோட்டுக்கு வளைகோடு ஒரு சொற்றொடரை மனத்துக்குள் முழங்கிக்கொண்டே வரைந்தேன். ‘உழைப்பவர் கேட்பது பிச்சை அன்று’ என்பதற்கு ஒரு வரிசை. ‘உரிமை’ என்பதற்கு ஒரு கருஞ்சுழி. மேடை போயிற்று என்று யார் சொன்னது? உள்ளங்கை அகல அட்டையில் ஒரு மாநாட்டையே நடத்தினேன். மைத்துனர் வாழ்க.

மார்ச்சு 14

தோல்வி. ஒப்புக்கொள்கிறேன்.

அட்டைமேல் வெறுங்கோடு போதவில்லை. துணைவியின் வெட்டுத்துணி, பழைய துண்டறிக்கைகள், பணிமனையில் திருகாணிக்கடியில் போட்டுக் கழித்த இரும்பு வளையங்கள் ஆகியவற்றை எல்லாம் ஒட்டி அவற்றின் ஊடே கோடுகளை ஓடவிட்டேன். எல்லாம் காப்பாக நிற்க, மைத்துனர் சொன்னபடி மேலே வெள்ளைப் பசையை நீர்விட்டுத் தடவினேன். கண்ணெதிரே நான்கு நாள் உழைப்பு ஊதா வெள்ளமாக ஓடியது.

நீரில் கரையாத மைப் பேனா ஒன்றை அவர் கொடுத்துத்தான் இருந்தார். நான் அதைத் தொடவில்லை. சொற்பொழிவுக் குறிப்புகள் எழுதும் என் மையூற்றுத் தூவலால்தான் வரைவேன் என்று வீம்பு.

“பேனாவ மாத்துங்கன்னு சொன்னேன்ல மாமா? வீம்புக்கு வாட்டர்ப்ரூஃப் கிடையாது” என்றார். சிரிக்கவும் தடை. சிரிப்பும் நாணை அசைக்குமாம். சிலேட்டில் ‘ஹா’ என்று எழுதிக் காட்டினேன்.

மார்ச்சு 20, வியாழன்

சிவப்பு குறையவில்லை.

“யார்கிட்டப் பேசினீங்க?” என்று மருத்துவர் கேட்டார். ‘எவரிடமும் இல்லை’ என்று எழுதினேன். நம்பவில்லை. துணைவிதான் எனக்காக வழக்காடினாள்: “நான் பக்கத்துலயே இருக்கேன் டாக்டர். தூக்கத்துலகூட வாயத் தொறக்கல.”

“அப்படின்னா இது இந்நேரம் ஆறியிருக்கணுமே. இன்னும் ஒரு மாசம் பாக்கலாம். அதுக்கும் ஆறலைன்னா...” நிறுத்திக்கொண்டார். ஆறலைன்னா என்ன? என்னம்மா, சொல்லேன்! பாதியிலே நிறுத்துறது எனக்கே தெரிஞ்ச வித்தைதான். ஆனா கேக்குற பக்கம் உக்காந்திருக்கிறவன் பாடு என்னன்னு இன்னிக்குத்தான் தெரியுது.

நான் பேசலையே. சத்தியமாப் பேசலையே.

குரல் இல்லாத நான் யார்? பணிமனையில் வண்டிகள் வந்து போகும் நேரத்தைக் குறிக்கும் ஒரு நேரக்காப்பாளன். அவ்வளவுதானே?

மார்ச்சு 21

துணைவி கண்டுபிடித்துவிட்டாள்.

நான் வரைந்துகொண்டிருந்தேன். அவள் எதிரே அமர்ந்து பொத்தான் தைத்தாள். சற்று நேரத்தில் ஊசி நின்றுவிட்டது. எழுந்து வந்தாள், இரண்டு விரல்களை என் தொண்டைமேல் வைத்தாள்.

“வரைங்க” என்றாள். வரைந்தேன்.

“வாய் மூடியிருக்கு. தொண்டை மூடலையே. உள்ள மாநாடே நடக்குது போல.”

விரல்களின் கீழ் என் குரல்வளை ஏறி இறங்குவதை அப்போதுதான் நானே உணர்ந்தேன். வளைகோட்டுக்கு வளைகோடு நான் உள்ளே முழங்கிய ஒவ்வொரு சொல்லுக்கும் நாண்கள் இறுகி இறுகித் தளர்ந்திருக்கின்றன. மருந்தென்று எண்ணிய கோடுகளாலேயே புண்ணைக் கிளறியிருக்கிறேன். இப்படி ஒரு பிழையைச் செய்ய ஒரு மேடைப் பேச்சாளனால்தான் முடியும்.

பதினைந்து அட்டைகளையும் கவிழ்த்து வைத்தேன்.

மார்ச்சு 22

என் கழுத்தை ஒட்டினாற்போல் துணைவி கட்டிவிட்ட ஒரு கறுப்பு நாடா. அதில், குழந்தைகளின் கவுனில் தைப்பதற்காக அவள் வைத்திருந்த கடுகு மணி ஒன்று. தொண்டை அசைந்தால் ஒலிக்கும். குணமாகும் வரை கழற்றக் கூடாது என்பது ஆணை.

மைத்துனர் உள்ளே வந்து பார்த்தார். வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு மீண்டும் வந்தார். “பூனைக்கு மணி கட்டியாச்சா அக்கா?”

“பூனை பரவால்லடா. இது சிங்கம்னு நெனச்சுக்கிட்டு இருக்கு.”

மார்ச்சு 24

ஒரு கோடு: மணி. இரண்டாவது கோடு: மணி. உமிழ்நீர் விழுங்கினாலும் மணி. சொல் இல்லாமல் ஒரு கோடும் போட வரவில்லை. இவ்வளவு சொற்களா என்னுள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன? பேருந்தில் தொங்கும் கூட்டம்போல.

மார்ச்சு 30, ஞாயிறு

இந்த நாளுக்கு நன்றி. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

மைத்துனர் ஒரு மரப்பலகை கொண்டுவந்தார். வட்டமாகச் சிற்றாணிகளை அடித்து, நூலை ஆணிக்கு ஆணி குறுக்கே இழுத்துக் கட்டச் சொன்னார். “கோடுன்னா பேனாவால மட்டும்தான் போடணுமா மாமா? நூலும் கோடுதான். தளர விட்டாத் தொங்கும், இழுத்தா அறுந்துரும். உங்க கவனம் எல்லாம் அதுலயே போயிரும்.”

போயிற்று. நூல் என் விரலில் பள்ளம் பதித்தது. ஐந்தாம் ஆணியைச் சுற்றிப் பத்தாம் ஆணிக்கு, ஆறிலிருந்து பதினொன்றுக்கு. எண்ணுவதைக்கூட விரலே பார்த்துக்கொண்டது. நேர்கோடுகளாகவே இழுத்தேன், நடுவில், யாரும் வரையாத ஒரு வட்டம் தானாகத் திரண்டு வந்தது. நான் வியந்து வாய்பிளந்தேன்.

அப்போதுதான் அறை அமைதியாக இருப்பது தெரிந்தது. தையல் எந்திரமும் நின்றிருந்தது. துணைவி திரும்பி உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரொம்ப நேரமா அடிக்கல” என்றாள், தாழ்ந்த குரலில், மணியை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

ஏப்ரல் 6

பலகை வளர்கிறது. நூல் வட்டத்தைச் சுற்றி, கிழித்து ஒட்டிய துண்டறிக்கைகள். அவற்றின்மேல் மெல்லிய வலைத்துணி. துணிக்கடியில் எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன, படிக்க முடியவில்லை. படிக்க முடியாததில் எனக்கு ஏன் இத்தனை நிறைவு? இரும்பு வளையங்களை உப்புநீரில் ஊறவைத்துத் துருவேற்றினேன். துரு துணியில் இறங்கிச் செம்பொன் நிறத்தில் படர்கிறது. ஒவ்வொரு கறையின் விளிம்பையும் பின்பற்றி, நீரில் கரையாத மையால் மயிரிழைக் கோடுகள். ஆம், அந்தப் பேனாவேதான். வீம்பு ஊதா வெள்ளத்தோடு போயிற்று.

நடுவில் மட்டும் விரல்நுனி அளவு ஒரு குழி வெறுமையாகக் கிடக்கிறது. எதை வைத்தாலும் ஒட்டாத பிள்ளையாக நிற்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

சங்கச் செயலாளர் வந்தார். இருபதாம் நாள் ஆண்டுக் கூட்டம். பேருந்து நிலையத்தில் பெண் நடத்துநர்களுக்கு ஓய்வறையும் கழிப்பறையும் வேண்டும் என்பது இவ்வாண்டுக் கோரிக்கை.

“நீங்க இல்லாம கூட்டம் எடுபடாது தலைவரே. அரை மணி வேணாம், அஞ்சே நிமிஷம். மைக் நல்லா இருக்கு, மெதுவாப் பேசினாப் போதும்.”

மணி ஒலித்தது. நான் விழுங்கியது உமிழ்நீரை மட்டும் அன்று.

அவர் போன பிறகு துணைவி நாடாவின் முடிச்சைச் சரிசெய்தாள். “நீங்க பேசறதக் கேட்டுத்தான் உங்களைக் கட்டிக்கிட்டேன். அந்தக் குரல் எனக்கும் வேணும். அவ்வளவுதான் நான் சொல்வேன்” என்றாள். நல்ல பேச்சு. சுருக்கமான பேச்சு.

ஏப்ரல் 12

ஐந்து நிமிடந்தானே? ஐந்தே நிமிடம். ஒருவேளை ஆறியிருக்கலாமே?

ஆறாமல் இருந்தால்?

இன்று பலகையைத் தொடவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

போனேன். சட்டைக் கழுத்துக்குள் மணி.

பேசுவதா வேண்டாவா என்று மேடை ஏறும் வரை எனக்கே தெரியாது. செயலாளர் என் பெயரைச் சொன்னதும் எழுந்த ஆரவாரம் இருக்கிறதே, அது மது. எழுந்தேன். ஒலிவாங்கி முன் நின்றேன். ‘அவையோரே’ என்ற சொல் தொண்டைக்கு வந்துவிட்டது. மணி ஒலித்தது. கடுகளவு ஒலி, அத்தனை இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? முன்வரிசையில் துணைவி தலைநிமிர்ந்தாள். ஒலிவாங்கி அந்த மணியொலியைக் கூட்டம் முழுவதற்கும் எடுத்துப் போயிருந்தது. மக்கள் விழித்தார்கள். யாரோ, “ஃபோன் அடிக்குது தலைவரே, எடுங்க” என்றார்கள். கூட்டமே சிரித்தது.

நானும், ஒலியில்லாமல், சிரித்தேன். வழக்கமாக நன்றியுரை மட்டும் சொல்லும் பெண் நடத்துநரை நோக்கிக் கைகாட்டிவிட்டு, இறங்கி முன்வரிசையில் அமர்ந்தேன்.

அவர் ஒலிவாங்கியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். “வேலைக்கு வர்ற அன்னிக்கு நான் தண்ணி குடிக்கறதில்ல. ஏன்னு எங்க பொம்பளைங்களுக்குத் தெரியும். ஆம்பளைங்களுக்கு இப்பத் தெரிஞ்சிருச்சு. நன்றி” என்று முடித்துவிட்டார். நன்றியுரைப் பழக்கம். கூட்டம் எழுந்து நின்றது.

அந்த எழுச்சியை மேடையிலிருந்து பார்ப்பவனாக இல்லாமல், அதற்குள் நிற்பவனாக இருந்தது எனக்கு முதல் முறை. கைதட்டித் தட்டிச் சிவந்துவிட்டது. கை சிவக்கலாம், தடையில்லை. அந்த அம்மையாருக்கு நன்றி. கடுகு மணிக்கும்.

ஏப்ரல் 26, சனி

திரையில் இரண்டு நாண்களும் வெண்மை.

மருத்துவர் நெடுநேரம் பார்த்தார். “தழும்பு இல்ல. எப்படியோ அடக்கமா இருந்திருக்கீங்க. நாளையிலேர்ந்து தினமும் அஞ்சு நிமிஷம், மெதுவா, சாதாரணமா. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டலாம். இன்னிக்கே வேணும்னா வீட்டுக்குப் போய் நாலு வாக்கியம் பேசிப் பாருங்க” என்றார். துணைவி அங்கேயே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதாளா என்று நான் கேட்கவில்லை. கேட்க இயலாத நிலை சில வேளைகளில் நன்மையே.

வீட்டில் அவள் கத்தரிக்கோலால் நாடாவை வெட்டினாள். மணி என் உள்ளங்கையில் விழுந்தது. மைத்துனர் கடையைச் சாத்திவிட்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, முதல் வரிசைக்காரராக அமர்ந்துகொண்டார்.

“ஆரம்பிங்க மாமா. ‘அவையோரே’ன்னு தொடங்குவீங்களா, ‘தாய்மார்களே’ன்னு தொடங்குவீங்களா? அக்கா, பந்தயம் என்ன?”

“உஷ். பேச விடுடா” என்றாள் அவள்.

முதல் சொற்களுக்காக எத்தனையோ தொடர்களைச் செதுக்கி வைத்திருந்தேன். நன்றியுரை ஒன்று, அவளுக்காக மட்டும் ஒன்று. மணியைப் பார்த்தேன். மேசைமேல் கிடந்த பலகையைப் பார்த்தேன். அதன் நடுவில் காத்திருக்கும் விரல்நுனி அளவுக் குழியைப் பார்த்தேன். வாய் திறந்தது. வந்த குரல் மெல்லியது, சற்றுக் கரகரத்தது, ஆயினும் என்னுடையது:

“மாப்ளே, அந்தப் பசை டப்பாவ எடு. நீ வந்து இந்தப் பக்கம் பிடிம்மா. மணிய இந்தக் குழியில வச்சு அழுத்துங்க, ரெண்டு பேரும், இப்பவே. பசை காயற வரைக்கும் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது.”