அறுபது ஆம்பியர்

9-8-99, திங்கள்

சங்கத்து வேனில் கரண்டுக்காக நான் மாட்டிய ஆல்டர்னேட்டரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கழற்றிவிட்டார்கள். கழற்றியவன் எட்மண்ட். தலையாட்டியது கமிட்டி.

ஓய்வுபெற்ற சுரங்கக்காரர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இருப்பது அந்த ஒரே வேன். மரியகுழந்தையின் நெஞ்சில் இருபத்தெட்டு வருடக் கல்தூசி. அவனுக்கு ஆவி பிடிக்கும் மெஷின் வழியெல்லாம் ஓட வேண்டும். கம்பெனியிலிருந்து வந்தபடி இருந்தபோது ஆல்டர்னேட்டர் முப்பத்தைந்து ஆம்பியர்தான் தந்தது. உள்ளே மூன்று சுருள்களின் நுனிகளும் ஒரே முடிச்சில் கிடந்தன. அவிழ்த்து முக்கோணமாகச் சேர்த்தேன். பெரிய டயோடும் தடித்த கேபிளும் போட்டேன். அறுபது வந்தது. எந்தக் காலேஜ் எனக்குச் சொல்லித் தந்தது?

நேற்று மரியகுழந்தையை வேனில் ஏற்றிவிட்டு ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடியிருக்கிறார்கள். இருபது நிமிடம். வாசலில் இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க, மெஷின் முக்கி முக்கி நின்றுவிட்டது.

எட்மண்ட் தொழிற்சாலையில் இஞ்சினியராக இருந்தவன். கமிட்டி முன்னால் சொன்னான்: "இன்னா முனிரத்தினம், சுரங்கத்து ஷாஃப்டு மோட்டாருன்னு நெனச்சிக்கினியா? இது வேன்பா." எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும்.

10-8-99

சாப்பிடப் பிடிக்கவில்லை.

12-8-99

எட்மண்ட் போட்ட பழைய மாதிரி முப்பத்தைந்து ஆம்பியர் ஆல்டர்னேட்டரோடு இன்று வேன் போனது. நானும் ஏறிக்கொண்டேன். கொட்டும் மழை. பகலிலேயே ஹெட்லைட், வைப்பர், கூட மெஷின். ஊரிகம் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் மெஷின் நின்றது. ஓடுகிற வண்டியில்!

மரியகுழந்தையின் மனைவி குணசுந்தரி முந்தானையால் அவனுக்கு விசிறினாள். "உன்து நின்னா சாவுது, அவருது ஓடினா சாவுது. ரெண்டு பெரிய மனுசனும் இன்னாத்த கீச்சீங்கண்ணா?"

மரியகுழந்தை சிரிக்கப் பார்த்தான். மூச்சு இல்லை. ஆஸ்பத்திரி போய்த்தான் நிறம் திரும்பியது.

14-8-99

கோவிந்தன் லேத்துப் பட்டறையில் என் ஆல்டர்னேட்டரைச் சுற்றிப் பார்த்தேன். வேகத்தில் அறுபது, குறையாமல். மெதுவாகச் சுற்றினால் — எட்டுகூட இல்லை.

முப்பது வருடம் நந்திதுர்க் சுரங்கத்தில் பம்பு மோட்டார் பார்த்தவன் நான். போட்டால் முழு வேகம், அணைத்தால் நிற்கும். நடுவில் ஒன்று உண்டா? வேன் வாசலில் சும்மா உறுமிக்கொண்டு நிற்கும் என்பது என் புத்திக்கு ஏன் எட்டவில்லை? எட்மண்ட் அன்றைக்கே சொன்னானே, பாவி.

அதற்காக முப்பத்தைந்துக்குத் திரும்புவதா? முடியாது. ஆல்டர்னேட்டரில் பெல்ட் ஓடும் சக்கரம், அந்தப் புல்லி, சின்னதானால் நிற்கிற வண்டியிலும் வேகமாகச் சுற்றும். சாம்பியன் ரீப்ஸ் ரோட்டில் யாரும் பறக்கப்போவதில்லை, பேரிங் தாங்கும்.

15-8-99

கோவிந்தன்: பழையதில் முக்கால் அளவுக்குப் புதுப் புல்லி கடைய வேண்டும். செவ்வாய்க்குள்.

கமிட்டி: வேனை ஒரு நாள் என்னிடம் விட வேண்டும். சிரித்தவர்கள் எல்லோரும் வந்து நிற்க வேண்டும்.

குணசுந்தரி: ஆஸ்பத்திரிச் சீட்டைக் கதவு ஆணியில் மாட்டிவைக்க வேண்டும்.

எட்மண்ட்: தன் மீட்டரோடு வர வேண்டும். மரியகுழந்தை வாசலில், நிற்கிற வண்டியில், மெஷினும் விளக்கும் போட்டு அரை மணி அளக்க வேண்டும். பதினான்கு வோல்ட் நின்றால் பாட்டரி இறங்கவில்லை என்று அர்த்தம். என் மீட்டரை அவன் நம்ப மாட்டான்.

நான்: அவன் சொன்னது சரி என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். மீட்டர் பதினான்கு வோல்ட் காட்டிய பிறகு. அதற்கு முன் இல்லை.