இடப்பக்கத்து ஆட்டுக்குட்டி

நவ. 30, ஞாயிறு
பனி. காலை ஏழுக்கே கறிக்கடை. ஆட்டுக்குட்டிக் குரல் பதிவு. பள்ளிக் கண்காட்சிக்கு நானும் என் வகுப்புத் திவ்யாவும் செய்யும் வி.ஆர். விளையாட்டு: ஹெட்செட்டை மாட்டினால் கோபி ஊர்ப் பக்கத்து வாழைத்தோப்பு. தொலைந்த குட்டி எந்தப் பக்கம் கத்துகிறது என்று கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். படம் அவள். ஒலி முழுக்க நான்.
கடைக்காரர்: "ஏனுங்க அம்மணி, கடைசியா ஒரு பாட்டுப் பாடச் சொல்லட்டுங்களா?"
நாலு நல்ல "மே" கிடைத்தது. மதியம் கறிக்குழம்பு. சாப்பிடவில்லை. (கொஞ்சம் சாப்பிட்டேன்.)

டிச. 2, செவ்வாய்
மிஸ்ஸிடம் கேட்டு ஹெட்செட் வீட்டுக்கு. அப்பாதான் முதல் ஆள். மில்லிலிருந்து வந்த அலுப்போடு மாட்டிக்கொண்டார். குட்டி இடப்பக்கம் கத்துகிறது. அவர் வலப்பக்கமே திரும்பித் திரும்பி, பீரோவில் முட்டி நின்றார்.
"இடது பக்கமுங்கப்பா!"
"தெரியுது கண்ணு. சும்மா தோப்பச் சுத்திப் பாக்கறேன்."
அடுப்படியில் அம்மா மெதுவாக: "இடது காது கேக்காம அஞ்சாறு வருசமாச்சு. மில்லு இரைச்சலோ என்னமோ. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுபோட்டாரு. காட்டிக்காத."
"காதுல விழலைங்களா?" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். ஒலி என் வேலையாம்.

டிச. 4, வியாழன்
சனிக்கிழமை கண்காட்சிக்கு அப்பா லீவு போட்டு வருகிறார். எல்லார் முன்னாலும் விளையாடுவார். இப்படியே விட்டால் குட்டி கிடைக்காது.
செய்ய வேண்டியவை:
1. குட்டி கத்தும் பக்கத்துக் கையில் இருக்கும் கன்ட்ரோலர் அதிர வேண்டும்.
2. யாருக்காக என்று மூச்சு விடக் கூடாது.
திவ்யா: "ஏண்டி இப்ப? எல்லாங் கெட்டுப்போச்சுன்னா?"
கெஞ்சினேன். காரணம் சொல்லவில்லை. "அழுத்தக்காரி" என்று திட்டிக்கொண்டே செய்துகொடுத்தாள். முதல் சோதனையில் இடதும் வலதும் மாறி அதிர்ந்தது. அழுகையே வந்துவிட்டது. ஐந்தரைக்குச் சரியானது.

டிச. 6, சனி
நல்ல வெயில், கூட்டம். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில்.
மே.
வலப்பக்கம் திரும்பப் போனவர் நின்றார். இடது கையை லேசாகத் தூக்கினார். அந்தப் பக்கம் ஓரடி. இன்னோரடி.
"புடிச்சுப்போட்டேன் கண்ணு!" அரங்கமே திரும்பிப் பார்த்தது.
வரிசையில் நின்ற அக்கா, "மத்தவங்களுக்கும் குடுங்கண்ணா" என்று சொல்லும்வரை மூன்று முறை விளையாடினார். கழற்றியதும் கன்ட்ரோலரைப் பார்த்தார், பிறகு என்னை.
பஸ் நிறுத்தத்தில் ஓயாமல் பேசிக்கொண்டு நின்றேன். அப்பா என் தோளைப் பிடித்து, தன் மறுபக்கம் நகர்த்தி நிறுத்தினார்.
"அந்தக் காது கேக்காது கண்ணு. இப்பச் சொல்லு."