இரண்டு பாய்கள்

1934 ஜூலை 15, ஞாயிறு. ராசிபுரம்.

பழனிச்சாமி சொன்னபடியே வந்துவிட்டான். நெசவுக்காரன், என் பள்ளித் தோழன், ஊரறிந்த நாத்திகன். அப்பா நடத்தும் ஜெபக்கூட்டத்துக்கு வந்து கேள்வி கேட்பேன் என்று சந்தையில் சவால் விட்டிருந்தான். நானும் சென்னையில் படித்த தத்துவத்தையெல்லாம் பிழிந்து நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கடவுள் இருப்பதற்கு ஐந்து காரணங்கள்.

கடைசிப் பாட்டுக்கு முன் வாசற்படியில் வந்து நின்றான். உள்ளே விரித்திருந்த பாய்களைக் காட்டினான். முன்பாயில் நாங்கள், பின்பாயில் சேரியிலிருந்து வருகிறவர்கள்.

"ஏனுங்க உபதேசியாரே, உங்க சாமிக்குக் கண்ணு ரெண்டுங்களே, பாய்க்கு ஒண்ணுங்களா?"

உபதேசியாரான அப்பா என் பக்கம் திரும்பினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்கு பக்கத்தையும் புரட்டினேன். பாயைப் பற்றி ஒரு வரி இல்லை. பிறந்தது முதல் பார்க்கிற பாய்.

"நீ சொல்றது நெசந்தான்டா" என்றேன். போய்ப் பின்பாயில் உட்கார்ந்தேன்.

"தள்ளி உக்காருங்க சாமி, எனக்குக் காலு மடக்க வராதுங்க" என்றாள் அங்கே காலை நீட்டி உட்கார்ந்திருந்த மரியாள்.

முன்பாயிலிருந்து இரண்டு பெரியவர்கள் எழுந்து வெளியே போனார்கள். அப்பாவுக்குச் சம்பளம் தரும் மிஷன் துரைக்குக் கடிதம் போகும். அப்பாவின் வேலை என்னாகுமோ. ஆனால் அவரே பின்பாய்க்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டைத் தொடங்கினார்.

பழனிச்சாமி தலையில் அடித்துக்கொண்டான். "சாமி இல்லீன்னு சொல்ல வந்தவனப் பிரசங்கம் பண்ண வெச்சுட்டீங்களேடா!"

இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. எல்லோருக்கும் போதுகிற ஒரே பாய் வாங்க வேண்டும். சந்தைக்கு அவனையே கூட்டிப்போகலாம். பேரத்தில் அவன் கடவுளே வந்தாலும் விடமாட்டான்.