புது மாடல் வருகிறதாம், மச்சான்

மச்சான்,

புரட்டாசியில் நமக்கு முகூர்த்தம் கிடையாது. அதனால் இன்று பைகளையெல்லாம் மொட்டை மாடியில் பரப்பி வெயில் காட்டினேன். உன் பழைய கேமராவும் அதில் இருந்தது. பெல்டை எடுத்து உதறியதும் ஓமப்புகை வாசனை குப்பென்று வந்தது. எத்தனை மணவறைப் புகை குடித்த பெல்ட் அது! துணி காயப்போட வந்த என் மனைவி, “என்ன, பெல்ட்ட மோந்து பாத்துக்கினு நிக்கறீங்க?” என்றாள். தூசு என்று சொல்லிச் சமாளித்தேன். என் கண்ணைப் பார்த்துவிட்டு, துணியைக் கொடியில் போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

பள்ளிக்கூடத்திலிருந்தே ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுத் திரிந்தோம். நீ அதை நிஜமென்று எடுத்துக்கொண்டு என் தங்கை சுகந்தியையே கட்டிக்கொண்டாய். செம்மண்டலத்தில் என் ஸ்டுடியோ, சிதம்பரத்தில் உன் ஸ்டுடியோ. பெரிய கல்யாணம் வந்தால் சேர்ந்து போவோம். மணப்பெண் அலங்காரம் நடக்கும் அறைக்குள் நாம் போக முடியாது என்று சுகந்திக்குக் கேமரா பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாய். இரண்டே வருஷத்தில் அவள் நம்மை ஓரங்கட்டிவிட்டு மணவறைக்கே வந்துவிட்டாள். தாலி கட்டும் நேரத்தில் எதிரில் நிற்பது அவள் என்றாகிவிட்டது. நீ சிரித்துக்கொண்டே பின்னால் ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொள்வாய். உனக்கு அதில் எவ்வளவு பெருமை என்பது எனக்குத் தெரியும்.

கேமரா வாங்கும் விஷயத்தில் மட்டும் நமக்கு ஒத்தே போகாது. நான் கடையில் இருப்பதை வாங்குகிறவன், நீ வரப்போவதற்குக் காத்திருப்பவன். விடிந்தும் விடியாமலும் உன் போன் வரும்.

“மச்சான், கேட்டியா? புது மாடல் வருதாம். இருட்டுல எடுத்தாலும் பகல் மாதிரி இருக்குமாம்.”

“யாருடா சொன்னது?”

“ஜப்பான்ல ஒருத்தன் சொல்லிருக்கான்.”

“அவன் என்ன, ஒன் சித்தப்பா புள்ளையா?”

“நீ சிரி. வரட்டும் மச்சான், பாத்துக்கலாம். இப்ப எடுத்தா ஏமாந்துருவ.”

அது வந்து சேரும். அதற்குள் அதற்கும் அடுத்தது வரப்போகிறது என்று யாராவது உன் காதில் ஊதியிருப்பார்கள். “இவரு கேமரா வாங்கற வரைக்கும் ஊருல யாரும் கல்யாணம் பண்ணிக்கக் கூடாது” என்பாள் சுகந்தி. ஆனாலும் நீ அப்படியொன்றும் ஏமாளி இல்லை. நான் அவசரப்பட்டு வாங்கிய ஒன்று சிதம்பரம் ஆனித் தேரன்று உச்சி வெயிலில் சூடேறிப் படுத்துவிட்டது. கீழ வீதிக் கூட்டத்தின் நடுவே நான் திருதிருவென்று விழித்தேன். நீ உன் பழையதைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டாய். ‘அப்பவே சொன்னேன்ல’ என்று ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வரவில்லை. மறுநாள் காலையிலிருந்து நூறு தடவை சொன்னாய், அது வேறு.

போன ஐப்பசியில், விடாமல் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன் கேமராவும் அதன்பின் நெடுநாள் ஓடவில்லை. ஷட்டர் போய்விட்டது. பாண்டிச்சேரிக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். உதிரிபாகம் வருவதில்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

வைகாசியில் ஒரு நாள் சுகந்தியிடம் போனில் சொன்னேன், “கேமரா ஒண்ணு எடுத்துருவோம்மா. ஆவணியில முகூர்த்தம் ஜாஸ்தி. எத்தன நாளைக்குக் கடையச் சாத்தி வைக்கறது?”

“புதுசு வருதாம்லண்ணே. வரட்டும், பாத்துக்கலாம்” என்றாள்.

அப்படியே உன் பேச்சு. சொன்னால் சிரிப்பாய், சந்தோஷமாகக்கூட இருந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் அவளைக் கூப்பிட்டு, புது மாடலைப் பற்றி யார் யார் என்னென்ன சொல்கிறார்கள் என்று ஒப்பித்தேன். அவளும் ‘உம்’ கொட்டிக் கேட்டாள். மொதல்ல வர்றதுல கோளாறு இருக்கும்ணே என்பாள். வெல எறங்கட்டும்ணே என்பாள். ஆடி பிறந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ‘உங்களுக்கு வேற வேலையே இல்லையா’ என்று நம்மைத் திட்டிக்கொண்டே இருந்தவள் இப்போது மட்டும் எதற்கு இதையெல்லாம் பொறுமையாகக் கேட்கிறாள்?

நேராகச் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். அவள் காபி கொண்டுவந்து வைத்தாள்.

“சுகந்தி, வரப்போற அந்தக் கேமராவோட பேரு என்ன, சொல்லு பாப்போம்.”

அவள் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். பிறகு கொட்டித் தீர்த்தாள்.

“கேமரா வாங்கி? எந்த மண்டபத்துல போயி நிக்கச் சொல்ற? வைகாசிக் கல்யாணத்துக்குப் பேசனாங்களே, ஞாபகம் இருக்கா? சாயந்தரம் வரவேற்புக்கு வரச் சொல்லுங்க, காலைல தாலி கட்டும்போது அவுங்க வேணாம்னாங்களே. நீ ஸ்பீக்கர்ல போட்டுக்கினு பேசன. நான் உள்ளதான் இருந்தேன்.”

அவள் கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியாது, மச்சான். தாலி இழந்தவள் தாலி கட்டும் இடத்தில் நிற்கக் கூடாதாம். எத்தனை பெண்களின் கழுத்தில் அந்த முடிச்சு விழுந்ததைப் படமாக எடுத்தவள் அவள்! காபி ஆறிப்போயிற்று.

அடுத்த வாரம் பண்ருட்டியிலிருந்து திவ்யா என்று ஒரு பெண் கூப்பிட்டாள். பலாப்பழ மண்டிக்காரர் வீட்டுப் பெண். அவள் வயசுக்கு வந்த சடங்குக்கு நாம்தான் படமெடுக்கப் போயிருந்தோம். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம், சுகந்தி அக்காதான் எடுக்க வேண்டும் என்றாள். நீ போய்விட்டதை மறைக்காமல் சொல்லி, வீட்டில் பேசிவிட்டு வாம்மா என்றேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு சிதம்பரம் கடைக்கே வந்துவிட்டாள். நானும் அங்கே இருந்தேன்.

மண்டிக்காரர் நல்ல மனிதர்தான். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“எங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. பெரியவங்க எதனா சொல்லிட்டா அவுங்களுக்குத்தான் சங்கடம். பொண்ணு ரூமுக்கு மட்டும் இருக்கட்டுமே…”

திவ்யா குறுக்கே பாய்ந்தாள். “அப்பா, தாலி எனக்குத்தான கட்டறாங்க? எதிர்ல யாரு நிக்கணும்னு நாந்தான் சொல்லுவேன். சடங்கப்ப அழுதுக்கினே இருந்தேன், இந்த அக்காதான் சிரிக்க வச்சாங்க. இவுங்க இல்லன்னா எனக்குப் போட்டோவே வேணாம்.”

அவர் மகளைப் பார்த்தார், சுகந்தியைப் பார்த்தார். “சரி தாயி, ஒன் இஷ்டம்” என்று எழுந்துகொண்டார்.

அவர்கள் போனதும் சுகந்தி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

“அண்ணே, இன்னிக்குக் கடையில எது கெடைக்கும்?”

நீ என்மேல் வந்து இறங்கிவிட்டாய் போலிருக்கிறது. என் வாய் சும்மா இருக்கவில்லை. “கல்யாணத்துக்கு இன்னும் நாள் கெடக்கு. அதுக்குள்ள புதுசு வந்துருமாம், வரட்டுமே…”

“நீயுமா?” என்றாள். “அவரு காத்துக்கினு இருந்தாரு, அது அவருக்குப் புடிச்சிருந்துது. நான் பயந்துக்கினு இருந்தேன். ரெண்டும் ஒண்ணில்லண்ணே. கெளம்பு.”

அன்றே பாண்டிச்சேரிக்குப் போனோம். கடையில் இருந்ததை வாங்கினோம். நீ இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய்.

கல்யாணம் பண்ருட்டியில். சுகந்தி மணவறைக்கு எதிரே போய் நின்றாள். நான் உன்னுடைய ஸ்டூல் மேல் ஏறி நின்றேன். நான் பயந்தது போலவே, மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி, “இவள யாரு இங்க நிக்க வச்சது?” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே கேட்டாள். சுகந்தியின் தோள் ஒருகணம் தளர்ந்தது. பின்னாலிருந்து பார்த்தேன், மச்சான். இறங்கி ஓடிப் போய்விடலாமா என்றிருந்தது. அவள் ஓர் அடிகூட நகரவில்லை. திவ்யா குனிந்திருந்த தலையை நிமிர்த்தி நேராகச் சுகந்தியைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள். கெட்டி மேளம் முழங்கியது. அந்தச் சிரிப்போடுதான் தாலி ஏறியது, அந்தச் சிரிப்பைத்தான் சுகந்தி எடுத்தாள். எல்லோரும் அட்சதை போட்டார்கள், அந்த அத்தையும் போட்டாள். பாதி சுகந்தியின் தலையில் விழுந்தது. அவள் தட்டிவிடவில்லை.

பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடி, “கை நடுங்கலண்ணே” என்றாள். உடனே அழுதாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள். பாயசத்தை இன்னொரு முறை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

புது மாடல் இன்னும் வரவில்லை. காலையில் கண் விழித்ததும் வந்துவிட்டதா என்று நான்தான் பார்க்கிறேன். உன்னிடமிருந்து என்னிடம் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் இது ஒன்றுதான், போகமாட்டேன் என்கிறது. யார் என்ன சொன்னாலும் உடனே சுகந்திக்குப் போன் போடுகிறேன். “அண்ணே, ஆல்பம் வேலையா இருக்கேன், ஐப்பசிக்கு ரெண்டு எடத்துல பேசிருக்காங்க, அப்பறம் கூப்புடு” என்று பட்டென்று வைத்துவிடுகிறாள். அதைக் கேட்கத்தான் மச்சான் தினமும் கூப்பிடுகிறேன்.