ஐயாயிரத்து இருநூறு வோல்ட்

17.2.1999, புதன்

கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டேன். இன்றைக்கென்று பார்த்துக் கடிதம் வருகிறது. கையை எட்ட நீட்டியும் ஓர் எழுத்தும் தெரியவில்லை. ஆபீஸ் ஜேசுதாசன்தான் வாசித்துச் சொன்னார்: கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள், ஏப்ரல் இதழில் வருகிறது. முப்பத்து நாலு வருட வாத்தியார் வேலையில் வெளிநாட்டுப் பத்திரிகையில் என் முதல் கட்டுரை. மே மாதம் ஓய்வு.

கட்டுரையில் உள்ள லென்ஸ் என் ஆராய்ச்சி மாணவி ஷம்ஸியா செய்தது. மெல்லிய ரப்பர் படலம் இரண்டு, நடுவில் எண்ணெய், ஓரத்தைச் சுற்றிக் கரிப்பூச்சு. மின்சாரம் கொடுத்தால் பூசிய ஓரம் விரியும், நடுவில் வளைவு மாறும். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் போல, இருந்த இடத்திலிருந்தே கிட்டத்தையும் எட்டத்தையும் பார்க்கும்.

அவளிடம் சொன்னேன். சிரித்தாள். "எதுக்கும் இன்னொரு தடவ அளந்து பாத்துக்கிடுதேன் சார்" என்றாள்.

26.2.1999, வெள்ளி

ஆய்வகத்தில் ஷம்ஸியா மின்சாரப் பெட்டியின் ஒயரைக் கழற்றிப் போட்டுவிட்டு, அளக்கிற விளக்கை மட்டும் எரியவிட்டிருந்தாள். அரை மணியில் லென்ஸின் குவியத்தூரம் நாற்பது மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. கட்டுரையில் எழுதிய அதே நாற்பது.

"கரண்டே குடுக்கல சார். லைட்டுச் சூட்டுல எண்ணெய் உப்புது. அதத்தான் நாம அளந்திருக்கோம்."

"கதவைச் சாத்து" என்றேன். ஏன் அதை முதலில் சொன்னேன்?

"தப்புன்னு எழுதிப் போட்டுரலாமா சார்?"

"நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னேம்லா!"

அதற்குமுன் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நாலு வருடத்தில் அவளிடம் சத்தம் போட்டது இதுதான் முதல் தடவை.

27.2, சனி

மூன்று தடவை கணக்குப் போட்டேன். அவள் சொல்வதுதான் சரி. மதுரைக் கருத்தரங்கில் அத்தனை பேர் முன்னால் இந்த லென்ஸைப் பற்றி நெஞ்சை நிமிர்த்திப் பேசிவிட்டு வந்தேனே. இனி என்ன செய்ய?

28.2, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி மனைவியை மட்டும் அனுப்பிவிட்டு ஆய்வகத்துக்குப் போனேன். லென்ஸே இல்லாவிட்டால் யார் எதை அளக்க முடியும்? இன்னொன்று செய்ய இரண்டு மாதம் ஆகும். அதற்குள் அச்சாகிவிடும்.

மூவாயிரம் வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்று நானே எழுதி சுவரில் ஒட்டியிருக்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டே மின்சாரப் பெட்டியின் திருகைத் திருப்பினேன். பட்டென்று ஒரு சத்தம். படலத்தில் ஓட்டை. எண்ணெய் மேசையில் வழிந்தது. துடைக்காமல் வந்துவிட்டேன்.

1.3, திங்கள்

"நேத்து ஓட்டிப் பாத்தேன். மூவாயிரத்துலேயே வெடிச்சிட்டு" என்று சொன்னேன். அவள் கிழிந்த படலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"என் பூச்சுதான் சார் சரியில்ல. எங்கனயோ கனமாப் பூசியிருக்கேன்."

"இருக்கும்" என்றேன்.

இருக்கும்!

5.3, வெள்ளி

நாலு நாளாக அவள் வரவில்லை. இன்று தபாலில் கடிதம். ஆராய்ச்சியை விடுகிறாளாம். தப்பாக அளந்ததும் அவள், வெடித்த லென்ஸைச் செய்ததும் அவள். இதற்குமேல் தன்னால் எனக்குக் கெட்ட பெயர் வேண்டாமாம். சவூதியில் தம்மாமிலிருந்து மாப்பிள்ளை கூப்பிடுகிறார், போகிறாள். கடைசி வரி: என்னை மன்னிச்சிருங்க சார்.

6.3

நான் மன்னிக்கணுமாம். நான்!

ஏலே வேதநாயகம், நீயெல்லாம் ஒரு மனுஷனாலே? போய்ச் சொல்லிருலே. வேலையும் போகட்டும், பேரும் போகட்டும்.

எப்படிச் சொல்ல — என்ன முகத்தை வைத்துக்கொண்டு —

9.3, செவ்வாய்

ஷம்ஸியா வீட்டுக்குப் போக ஏறிய மேலப்பாளையம் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய்விட்டுத் திரும்பி நடந்தேன். அவள் வாப்பா ஹசன் அலி தறியிலிருந்து எழுந்து வந்தார். "வாங்க சார்வாள், இந்த வெயில்ல வந்திருக்கிய" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லாமல் வந்துவிடுவேன் என்று பயம். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் உள்ளே போய்விட்டார். ஷம்ஸியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எட்டு நாளா சோறு இறங்கல சார் எனக்கு. எங்க தப்பு விட்டேன், எங்க தப்பு விட்டேன்னு..."

தலையைக் குனிந்துகொண்டேன்.

"நெசமா எத்தனையில வெடிச்சது?"

"ஐயாயிரத்து இருநூறு."

"அப்ப என் பூச்சு ஐயாயிரம் வரைக்கும் தாங்கியிருக்கு" என்றாள். என்னிடம் அல்ல, தனக்குள். பிறகு, "நீங்க போங்க சார்."

10.3, புதன்

கட்டுரை தவறு, அச்சிட வேண்டாம், பொறுப்பு முழுவதும் என்னுடையது என்று பத்திரிகைக்கு எழுதிப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை செய்ததையும் சேர்த்துக் கல்லூரி முதல்வரிடம் எழுதிக் கொடுத்தேன். ஷம்ஸியாவைப் பக்கத்து அறைப் பேராசிரியர் பாபநாசத்தின் மேற்பார்வைக்கு மாற்றும்படி கேட்டிருக்கிறேன். அவள் வர வேண்டுமே.

15.3, திங்கள்

வந்துவிட்டாள். என் அறையைக் கடக்காமல் பின்வாசல் வழியாக.

31.5, திங்கள்

ஓய்வு பெற்றேன். பிரிவுபசாரம் வைக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. சாவியை ஜேசுதாசனிடம் கொடுத்துவிட்டு நடந்தே வந்தேன்.

14.10.1999, வியாழன்

மழையோடு ஷம்ஸியா வீட்டுக்கு வந்தாள். பிளாஸ்டிக் பைக்குள் ஒரு கட்டுரை. "இங்கிலீஷ மட்டும் பாத்துத் தாங்க சார்."

புது லென்ஸ். விளக்கின் சூடு படாமல் தண்ணீர்த் தொட்டியை நடுவில் வைத்து அளந்திருக்கிறாள். இருபத்தாறு தடவை. மாற்றம் நாற்பது இல்லை, இரண்டே மில்லிமீட்டர். இருபத்தாறு தடவையும் அதே இரண்டு.

மேலே அவள் பெயர், அடுத்து பாபநாசத்தின் பெயர். அவ்வளவுதான். மறுபடியும் ஒருமுறை பார்த்தேன். அது சரிதான்.

ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்தித் திருப்பிக் கொடுத்தேன்.

"வேற ஒண்ணும் இல்லையா சார்?"

"இல்லம்மா."

மனைவி டீ கொண்டுவந்தாள். ஷம்ஸியா வேண்டாம் என்பாளோ என்று பார்த்தேன். உட்கார்ந்து, ஆற்றி, பைய முழுவதும் குடித்துவிட்டுத்தான் போனாள்.