காக்காய்ப்பொன் வீடு

டெரிவாரா,
டொனிகால்.
நவம்பர், புதன்கிழமை

அன்பு மகன் கொனலுக்கு,

அம்மா எழுதுகிறேன். சுகமாக இருக்கிறாயா? பெர்த்தில் வெயில் ஏறிவிட்டதாமே, தண்ணீர் நிறையக் குடி. போனிலேயே பேசியிருக்கலாம். உன் அப்பா பக்கத்துக் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருக்கிறார். அதனால்தான் கடிதம்.

கிறிஸ்துமஸைத் தாண்டமாட்டார் என்கிறார் டாக்டர். அப்பாவுக்கும் தெரியும். "நான் செத்ததும் என்னை வாடகை மண்டபத்துல கொண்டுபோய்ப் போட்டுடாத பிரீட். நம்ம முன்னறையில ரெண்டு ராத்திரி கிடத்து. ஊரே வந்து டீ குடிச்சுட்டு, என்னைப் பத்தி நல்லதா நாலு பொய் சொல்லிட்டுப் போகட்டும்" என்கிறார். வேறெதுவும் கேட்கவில்லை.

அந்த முன்னறைதான் இடிந்து போய்க்கொண்டிருக்கிறது. நீ பார்த்தபோது தலைமுடி அளவில் இருந்த விரிசலில் இப்போது என் கை நுழைகிறது. சுவரைத் தொட்டால் டீயில் ஊறிய பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. பெருக்கி அள்ளினால் முறமெல்லாம் காக்காய்ப்பொன், அந்த மைக்காத் தூள், மினுங்குகிறது. மலைப் பாறையில் கிடந்தவரை அதனால் ஒரு கெடுதலும் இல்லை. அரைத்துச் சிமென்டுக் கல்லாக்கியதும் மழையைக் குடித்துக் குடித்து வீட்டைத் தின்கிறது. முன்னறையில் நான்கு பேருக்கு மேல் நின்றால் ஆபத்து என்று பொறியாளப் பெண் சொல்லிவிட்டாள்.

கல் ஃபீலிமின் குவாரியில் வாங்கியது. வெளியூரில் இன்னும் நல்ல கல் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரனை விட்டுவிட்டு வெளியே வாங்கினால் அவன் முகத்தில் எப்படி விழிப்பது என்றார் உன் அப்பா. ஃபீலிமும் அதே கல்லில்தான் மகளுக்கு வீடு கட்டினான். அதுவும் உதிர்கிறது. வாய்விட்டுத் திட்டக்கூட எனக்கு ஆள் இல்லை, மகனே.

ஞாயிறு பூசை முடிந்து ஃபீலிம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். "உங்க மானஸை எங்க வீட்டுல கிடத்துங்க பிரீட். தாத்தா காலத்துக் கருங்கல் வீடு, எத்தனை பேர் நின்னாலும் தாங்கும்" என்றான். நான் கதவைச் சாத்திவிட்டேன். யாரது என்று அப்பா கேட்டார். காற்று என்றேன்.

அவரை இங்கேதான் கிடத்தப்போகிறேன். நான்கு பேரில் நீ ஒருவன், நான் ஒருத்தி. மற்றவர்கள் மழையில் நின்று இரண்டிரண்டு பேராக வரட்டும். ஃபீலிமின் முறை வரும்போது நீ கதவைத் திற. என்னால் ஆகாது.

சீக்கிரம் புறப்படு. நீ வந்து சேரும்வரை உன் அப்பாவையும் இந்தச் சுவரையும் மாதா தாங்கிப் பிடிக்கட்டும்.

உன் அம்மா,
பிரீட்